இரைச்சல்: சத்தமும் அன்று, இடையூறும் அன்று

அளவீட்டியலிலும் மின்னணுவியலிலும், அளக்கும் மதிப்போடு கலந்துவரும் தாறுமாறான அலைவை 'நாய்ஸ்' என்பார்கள். அச்சொல்லுக்கு 'இரைச்சல்' என்ற நல்ல தமிழ்ச் சொல் நெடுங்காலமாகவே புழக்கத்தில் இருக்கிறது. ஆயினும், மொழிபெயர்ப்பாக வரும் கைநூல்களிலும் இணையப் பாடங்களிலும் 'உணரியின் சத்தத்தைக் குறைக்க', 'சத்தமற்ற மின்னழுத்தம்' என்னும் தொடர்களே திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. வாயே திறக்காத ஒரு வெப்ப உணரியின் (சென்சாரின்) சத்தத்தை எப்படிக் குறைப்பது என்று பாலிடெக்னிக் மாணவர் திகைத்தால், பிழை அவருடையது அன்று.

சொல்லின் வரலாறு சுருக்கமானது. பழைய பிரெஞ்சில் சச்சரவையும் கூச்சலையும் குறித்த சொல் ஆங்கிலத்துக்குப் போய், பின்னர் தொலைபேசி, வானொலிப் பொறியாளர்களின் கைக்கு வந்தது. மிகைப்பிகளின் (ஆம்ப்ளிஃபயர்களின்) தாறுமாறான மின்னலைவுகள் அவர்கள் காதில் மாட்டிய கேட்புக் கருவியில் 'உஸ்ஸ்' என்று கேட்டதால், கேட்ட ஒலியின் பெயரே அலைவுக்கும் ஆயிற்று. ஒலியே எழாத கருவிகளுக்கும் அப்பெயர் பிறகு பரவியது.

'சத்தம்' வடமொழிச் 'சப்தம்' என்பதன் திரிபு என்பதற்காக மட்டும் நான் அதை மறுக்கவில்லை. அது எந்த ஒலியையும் குறிக்கும். மணியோசையும் சத்தம், கதவு அடைபடுவதும் சத்தம். வண்டி வாடகையைக்கூட வண்டிச்சத்தம் என்பார்கள். 'இரைச்சல்' அப்படிப்பட்டதன்று. கடல் இரைகிறது, அருவி இரைகிறது, நிலையம் கிடைக்காத வானொலி இரைகிறது. இடைவிடாத, ஒழுங்கற்ற, தனித்தனியே பிரித்தறிய முடியாத அலைவு என்ற கருத்து அந்த வினையிலேயே அடங்கியுள்ளது. செருமானியர் இதற்கு வழங்கும் 'ரௌஷன்' என்ற சொல்லும் நீரும் இலைகளும் எழுப்பும் ஒலியிலிருந்து வந்ததே.

சத்தத்தைவிட எனக்குக் கவலை தருவது, தூய தமிழ் என்ற பெயரில் சிலர் முன்வைக்கும் 'இடையூறு' என்ற சொல். மின்னழுத்தத்தில் ஒலி ஏது, ஆகவே 'இரைச்சல்' பொருந்தாது என்பது அவர்கள் வாதம். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த வாதம், ஆய்வுக்கூடத்தில் ஆளைத் தவறான வேலைக்கு அனுப்பிவிடும். இடையூறு என்றால் வெளியிலிருந்து ஒன்று வந்து குறுக்கிடுகிறது என்பதே பொருள். ஈ.சி.ஜி. எடுக்கும்போது, ஏறத்தாழ 1 மில்லிவோல்ட் உயரமே உள்ள இதயக் குறிகையின் (சிக்னலின்) மேல் சில வேளைகளில் சீரான நுண்பற்கள் ஏறி, கோடே தடித்துவிடும். அது சுவரிலுள்ள 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் வேலை. அதை இடையூறு என்றோ, இன்னும் திட்டமாகக் 'குறுக்கீடு' என்றோ தாராளமாகச் சொல்லலாம். தளர்ந்த மின்முனையைச் சரியாக ஒட்டினால், கம்பிக்குக் கவசமிட்டால், நில இணைப்பைச் சீராக்கினால் அது பெரும்பாலும் அடங்கிவிடும்.

1928இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இயற்பியலாளர் ஜான்சன் அளந்து காட்டியதும், அதே ஆண்டில் அங்கே பணியாற்றிய நைக்விஸ்ட் கோட்பாட்டால் விளக்கியதும் வேறு வகை. 1 கிலோஓம் மின்தடை ஒன்றை எதனோடும் இணைக்காமல் எத்தனை கவசத்துக்குள் வைத்தாலும், அறை வெப்பநிலையில் 10 கிலோஹெர்ட்ஸ் பட்டை அகலத்துக்கு (அளக்கும் அதிர்வெண்களின் பரப்புக்கு) ஏறத்தாழ 0.4 மைக்ரோவோல்ட் அலைவு அதன் முனைகளுக்கிடையே இருந்தே தீரும். ஏனெனில் அது அதனுள் இருக்கும் மின்னன்களின் (எலக்ட்ரான்களின்) வெப்ப இயக்கமே. இதற்குக் கவசம் மருந்தாகாது. குளிர்விக்க வேண்டும், அல்லது பட்டை அகலத்தைச் சுருக்க வேண்டும் (நூறில் ஒரு பங்காக்கினால் அலைவு பத்தில் ஒரு பங்காகும்), அல்லது பல அளவீடுகளின் சராசரியை எடுக்க வேண்டும். நோய் இரண்டு, மருத்துவமும் இரண்டு. இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தால், வெப்ப இரைச்சலைப் போக்க நில இணைப்பை நோண்டிக்கொண்டிருக்கும் நிலைதான் மாணவருக்கு மிஞ்சும்.

தான் குறிப்பது விலக்கத்தக்கது என்ற தீர்ப்பையும் 'இடையூறு' என்ற சொல் தன்னோடு கொண்டுவருகிறது. 1964இல் நியூ ஜெர்சியின் ஹோம்டெல் வானலை வாங்கியில் (ஆன்டெனாவில்) வானொலி வானியலாளர்கள் பென்சியாசும் வில்சனும், வெப்பநிலைக் கணக்கில் எதிர்பார்த்ததைவிட ஏறத்தாழ 3.5 கெல்வின் மிகுதியான இரைச்சலைக் கண்டார்கள். புறா எச்சத்தைக்கூடத் துடைத்துப் பார்த்தும் அது போகவில்லை; அது பேரண்டத்தின் பின்புலக் கதிர்வீச்சு எனப் பின்னர் தெரிந்தது. தோற்றுவாய் தெரியும்வரை அதை இரைச்சல் என்பதே நேர்மையான பெயர்.

வேர்ச்சொல்லைத் தேடாத மொழிபெயர்ப்பாளர்கள் செய்யும் கேடு இத்தோடு நிற்கவில்லை. 'ஷாட் நாய்ஸ்' என்பதைச் 'சுடும் சத்தம்' என்கிறார்கள். 1918இல் செருமானிய இயற்பியலாளர் ஷாட்கி இதை விளக்கியபோது செருமானியத்தில் 'ஷ்ரோட்' என்றார். அது வேட்டைத் துப்பாக்கியின் ஈய ரவையைக் குறிக்கும் சொல். மின்னோட்டம் தொடர்ச்சியான ஒழுக்காக அன்றி, தனித்தனி மின்னூட்டங்களாக, ரவை கொட்டுவதுபோல் வந்து விழுவதால் எழும் அலைவு அது. 'ரவை இரைச்சல்' என்றால் பொருள் நேராக விளங்கும். 'நாய்ஸ் ஃபுளோர்' என்பதும் சத்தத் தரை அன்று, இரைச்சல் அடிமட்டம். அதற்குக் கீழே உள்ள குறிகையைக் கருவியால் நேரடியாகப் பிரித்தறிய இயலாது.