பயாப்சி: சொல்லும் பொருளும், மெலனோமா அறிக்கையில் வரும் சில சொற்களும்

‘பயாப்சி எடுத்திருக்கிறார்கள், முடிவு இன்னும் வரவில்லை’ என்று ஒருவர் சொல்லும்போது அந்த வாக்கியத்தில் இரண்டு சொற்கள் இடறுகின்றன. பயாப்சி அயற்சொல் என்பதால் பொருள் விளங்குவதில்லை. முடிவு நம் சொல் என்பதாலேயே பொருள் கூடிப்போய்விடுகிறது. ஆய்வில் தெரியவருவதும் முடிவு, தீர்மானிப்பதும் முடிவு, ஒன்று இல்லாமற்போவதும் முடிவு. தொடக்க நிலை மெலனோமா (தோலில் வரும் ஒரு வகைப் புற்று) என்று எழுதிய அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அறுவை சிகிச்சைத் தேதிக்காகக் காத்திருப்பவருக்கு இந்த மூன்றும் கலந்தே ஒலிக்கும்.

பயாப்சி என்ற சொல்லில் முடிவுக்கு இடமே இல்லை. கிரேக்கத்தில் ‘பயோஸ்’ என்பது உயிர், ‘ஆப்சிஸ்’ என்பது பார்வை. உயிருள்ள உடலிலிருந்து எடுத்துப் பார்ப்பது என்ற பொருளில் இச்சொல்லை 1879இல் உருவாக்கியவர் எர்னெஸ்ட் பெனியே என்ற பிரெஞ்சு மருத்துவர். அவர் தோல் மருத்துவர் என்பது நம் பொருளுக்கு இயைந்த செய்தி. பிணக்கூறாய்வைக் குறிக்கும் ஆட்டாப்சியிலும் அதே ‘பார்வை’தான் இருக்கிறது, தன் கண்ணால் காண்பது என்பது அதன் நேர்ப்பொருள்.

தமிழில் இதற்குத் திசுப் பரிசோதனை, திசு ஆய்வு, சதைப் பரிசோதனை என்று பல பெயர்கள் வழங்குகின்றன. பரிசோதனை என்ற சொல்லை நான் தவிர்ப்பேன். இரத்தச் சர்க்கரைப் பரிசோதனையில் கருவி ஓர் எண்ணைத் தருகிறது. அந்த எண் வரம்புக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று பார்த்தால் போதும். பயாப்சி அப்படிப்பட்டதன்று. எடுத்த தோல்துண்டை ஃபார்மலினில் இட்டுப் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் நான்கைந்து பங்கு மட்டுமே தடிமன் கொண்ட சீவல்களாகச் சீவி, செல்லின் கரு ஊதாவாகவும் மற்றவை இளஞ்சிவப்பாகவும் தெரியும்படி சாயமேற்றிய பிறகு, நோய்க்கூற்றியல் மருத்துவர் ஒருவர் உருப்பெருக்கியின் வழியே பார்த்து, கண்டதை எழுதுகிறார். ஐயம் எழுந்தால் மெலன்-ஏ, எஸ்100 போன்ற புரதங்களைக் காட்டும் சிறப்புச் சாயங்களை ஏற்றிப் பார்ப்பார்; இன்னொருவரையும் பார்க்கச் சொல்வார். அறிக்கை தாமதமானால் செய்தி கெட்டது என்று பொருளில்லை என்பதற்கு இந்த வேலைமுறையே சான்று.

திசு என்ற சொல்லும் தமிழன்று. நெய்யப்பட்டது என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் ஆங்கிலத்தின் வழியாக வந்து நம்மிடம் திசுவாயிற்று. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் அதை இழையம் என்று எழுதுகின்றன. இழையும் நெசவும் அதில் அப்படியே இருப்பதால் இழைய ஆய்வு என்பதே சொல்லழகுள்ள தொடர். ஆயினும் திசு பரவலாக வேரூன்றிவிட்டதால் திசு ஆய்வு என்று எழுதினால் எல்லாருக்கும் விளங்கும். இவை எல்லாவற்றையும்விட மூலச்சொல்லுக்கு நெருங்கிய மொழிபெயர்ப்பு பேச்சுவழக்கில்தான் இருக்கிறது: ‘சதை எடுத்துப் பார்த்தார்கள்.’ தோலைச் சதை என்பது சரியில்லை என்றாலும், கிரேக்கர் சொன்ன அந்தப் பார்வையை நம் பேச்சு விட்டுவிடவில்லை.

மெலனோமா என்பதில் ‘மெலஸ்’ கருமை, ‘ஓமா’ கட்டி. 1838இல் இராபர்ட் கார்ஸ்வெல் என்ற மருத்துவர் இச்சொல்லைக் கையாண்டார். தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்ற நிறமியைச் சுரக்கும் செல்களில் தோன்றும் புற்று இது. (மனச்சோர்வைக் குறிக்கும் மெலன்கோலியும் இதே வேரில் முளைத்ததுதான், அதற்குக் கரும்பித்தம் என்பது பொருள்.) கரும்புற்று என்று மொழிபெயர்ப்பவர்கள் உண்டு. ஆனால் நிறமே இல்லாத மெலனோமாவும் இருப்பதால் அந்தப் பெயர் வழிதவறச் செய்யும். நிறமிச்செல் புற்று என்பது பிழையற்றது. இதனோடு மச்சத்தையும் மருவையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. நிறமிச்செல்கள் திரண்ட புள்ளி மச்சம், தோல் தடித்து எழும்பியது மரு. மெலனோமாவுக்கு உறவு மச்சமே தவிர மரு அன்று. அறிக்கையில் ‘மேலிக்னன்ட்’ (கொடிய) என்ற அடைமொழி சேர்ந்திருந்தால் அது கூடுதல் கொடுமையைக் குறிப்பதில்லை. முன்பு தீங்கற்ற கட்டிகளுக்கும் மெலனோமா என்ற பெயர் வழங்கியது: 1948இல் சோஃபி ஸ்பிட்ஸ் என்ற நோய்க்கூற்றியலர் குழந்தைப் பருவ மெலனோமா என்று விவரித்த கட்டிகள் பெரும்பாலும் தீங்கற்றவை என்று பின்னர்த் தெளிவாயிற்று. இன்று மெலனோமா என்றாலே புற்றுதான் என்பதால் அந்த அடைமொழி மிகைச்சொல்.

புற்று என்ற நம் சொல் இந்நோய்க்கு விந்தையாகப் பொருந்துகிறது. கறையான் புற்றில் மேலே தெரிவது எவ்வளவு அகலம் என்பதைவிடக் கீழே எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்பதே பெரிது, மெலனோமாவிலும் அப்படித்தான். அந்த ஆழத்தை அளக்கும் முறையை 1970இல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற அமெரிக்க நோய்க்கூற்றியலர் வகுத்தார். மேல்தோலின் சிறுமணி அடுக்கின் உச்சியிலிருந்து, மிக ஆழத்தில் இருக்கும் புற்றுச்செல் வரை மில்லிமீட்டரில் அளப்பது பிரெஸ்லோ தடிமன். அறிக்கையில் முதலில் தேட வேண்டிய எண் இதுவே. கட்டியின் தடிமனை ‘டி’ என்ற எழுத்தாலும் எண்ணாலும் குறிக்கும் இன்றைய வகைப்பாட்டில் 0.8 மி.மீ.க்குக் குறைவாகவும் மேற்பரப்பு புண்ணாகாமலும் இருந்தால் அது டி1ஏ, 0.8 முதல் 1.0 மி.மீ. வரை இருந்தாலோ, அதற்குக் குறைந்தும் புண்ணாகியிருந்தாலோ டி1பி. வங்கி அட்டை ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 0.76 மி.மீ. என்பதை நினைத்துப் பார்த்தால், எவ்வளவு நுண்ணிய அளவைப் பற்றிப் பேசுகிறோம் என்பது கைக்கே தெரியும்.

புண்ணாதலை அறிக்கை ‘அல்சரேஷன்’ என்று எழுதும். தமிழ்ப் பேச்சில் அல்சர் என்றால் வயிற்றுப் புண் என்றே ஆகிவிட்டதால், தோல் அறிக்கையில் அச்சொல்லைக் கண்டதும் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. இங்கே அது, கட்டிக்கு மேலுள்ள மேல்தோல் உருப்பெருக்கியில் அறுபட்டுத் தெரிகிறது என்பதை மட்டும் குறிக்கிறது; கண்ணுக்குப் புண்ணே தெரியாதிருந்தும் அறிக்கையில் அது இருக்கலாம். மைட்டாசிஸ் எண்ணிக்கை என்பது ஒரு சதுர மில்லிமீட்டரில் பிளவுபட்டுக்கொண்டிருக்கும் செல்கள் எத்தனை என்பது. நடப்பு வகைப்பாட்டில் அது டி1ஐப் பிரிக்கப் பயன்படுவதில்லை என்றாலும் குறித்துவைக்கிறார்கள்.

‘இன் சிட்டு’ என்ற இலத்தீன் தொடருக்கு இருந்த இடத்திலேயே என்று பொருள். புற்றுச்செல்கள் மேல்தோலைத் தாண்டவில்லை என்பதைக் குறிக்கும் இத்தொடர் இருக்கும் அறிக்கையில் பிரெஸ்லோ அளவு இராது. அளப்பதற்கு ஆழமே இல்லை. நிலை பூச்சியம் என்பதும் இதுவே.

பெரும் குழப்பம் விளைவது இன்னோர் இடத்தில். 1969இல் வாலஸ் கிளார்க் வகுத்த ஐந்து படிகளைச் சில அறிக்கைகள் இன்றும் தருகின்றன. கட்டி தோலின் எந்த அடுக்கு வரை இறங்கியிருக்கிறது என்பதைக் காட்டுபவை அவை. ‘லெவல்’, ‘ஸ்டேஜ்’ இரண்டையும் நாம் நிலை என்று மொழிபெயர்த்துவிடுவதால், கிளார்க் நான்கு என்று எழுதிய அறிக்கையைப் படித்துவிட்டு நான்காம் நிலைப் புற்று என்று குடும்பமே கலங்கிப்போகிறது. நான்காம் நிலை என்பது புற்று உடலின் தொலைவான உறுப்புகளுக்குப் பரவியது. கிளார்க் நான்கு என்பது தோலின் கீழ்ப்பகுதியான உட்தோலின் அடர்ந்த அடுக்கைத் தொட்டது. தோல் மெலிந்த இடங்களில் ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கும் கட்டியும் கிளார்க் நான்காகலாம். ‘ஸ்டேஜ்’ என்பதற்கு நிலை என்றும் ‘லெவல்’ என்பதற்கு அடுக்கு என்றும் வேறுபடுத்தி எழுதினால் இந்தக் கலக்கம் நேராது. நிலையை வகுக்கக் கிளார்க் அடுக்கை இப்போது பயன்படுத்துவதும் இல்லை.

விளிம்பு என்ற சொல்லுக்கும் இரண்டு பொருள்கள் உண்டு. திசு ஆய்வு அறிக்கையில் விளிம்பு ‘பாசிட்டிவ்’ என்றால் வெட்டப்பட்ட ஓரம் வரை புற்றுச்செல்கள் இருக்கின்றன என்று பொருள். ‘நெகடிவ்’ என்றால் ஓரம் தூய்மையாக இருக்கிறது. வழக்கப் பேச்சில் நல்லதைக் குறிக்கும் சொல் இங்கே விரும்பத்தகாததைக் குறிப்பதால், விளிம்பில் புற்று உண்டு அல்லது இல்லை என்று எழுதுவதே நலம். தோலை மேலோட்டமாகச் சீவி எடுத்த துண்டில் அடிவிளிம்பு வரை புற்று இருந்தால், பிரெஸ்லோ எண்ணுக்கு முன் ‘குறைந்தபட்சம்’ என்ற சொல் நிற்கும். உண்மையான ஆழம் அதைவிடக் கூடலாம் என்பதால் அந்த ஒரு சொல்லைத் தவறவிடக் கூடாது.

அறுவை மருத்துவர் சொல்லும் விளிம்பு வேறு. முதல் வெட்டின் ஓரம் தூய்மையாக இருந்தாலும், கண்ணுக்குத் தெரியாத சில செல்கள் அருகில் தங்கியிருக்கக்கூடும் என்பதால் சுற்றிலும் நல்ல தோலையும் சேர்த்து எடுக்கிறார்கள். மேல்தோலைத் தாண்டாததற்கு அரை முதல் ஒரு சென்டிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் வரை ஆழமுள்ளதற்கு ஒரு சென்டிமீட்டர் என்பது பொது வழக்கம். அந்த அளவு, வெட்டுவதற்கு முன் தோலின் மேல் அளவுகோலை வைத்துப் பேனாவால் வரைந்துகொள்வது. எடுத்த தோல் சுருங்கும் என்பதால் பின்னால் வரும் அறிக்கையில் அந்த எண் குறைந்து தெரிந்தால் மருத்துவர் குறைவாக வெட்டிவிட்டார் என்று எண்ண வேண்டியதில்லை. கத்தி பட்டால் பரவிவிடும் என்ற பழைய அச்சமும் இங்கே பொருந்தாது. முதலில் வெட்டி எடுத்துப் பார்த்ததால் மெலனோமா பரவுவதில்லை.

இன்னொரு சொல் காவல் கணு (‘சென்டினல் நோட்’). அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறி கட்டியிருக்கிறது என்கிறோமே, அந்த நெறிதான் வீங்கிய நிணநீர்க் கணு. கட்டி இருந்த இடத்திலிருந்து வடியும் நிணநீர் முதலில் போய்ச் சேரும் கணுவைச் சாயம் செலுத்திக் கண்டுபிடித்து எடுத்துப் பார்க்கும் முறையை மெலனோமாவுக்காக டொனால்ட் மார்ட்டன் என்ற அறுவை மருத்துவர் 1992இல் வெளியிட்டார்; கதிரியக்கப் பொருள் பின்னர்ச் சேர்ந்தது. டி1ஏ அளவில் இது பொதுவாகத் தேவைப்படாது. டி1பி என்றால் மருத்துவர் இதைப் பற்றிப் பேசுவார். ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினால் பெரும்பாலும் முன்மொழிவார். அகல வெட்டிவிட்டால் நிணநீரின் வழி மாறிவிடக்கூடும் என்பதால் இரண்டையும் ஒரே அமர்வில் செய்கிறார்கள். ஆகவே இந்தக் கேள்வியை அறுவைத் தேதிக்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

அறுவையில் எடுத்த தோலும் மறுபடி அதே மெழுகுக்கும் சாயத்துக்கும் போகிறது. இரண்டாம் அறிக்கை வருகிறது. அதில் பெரும்பாலும் ‘எச்சப் புற்று காணப்படவில்லை’ என்ற வரி இருக்கும். அதைப் படித்துவிட்டு, அப்படியானால் வீணாக வெட்டினார்களா, முதல் அறிக்கையே தவறா என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டும் இல்லை: இருந்த புற்று முதல் துண்டிலேயே வந்துவிட்டது, சுற்றிலும் பார்த்தார்கள், அங்கே ஏதும் தென்படவில்லை என்பதே அந்த வரியின் பொருள்.