நரம்பு பிடித்தால் மாபிள் தரையிலா படுப்பது?

நரம்பு பிடித்துத் தரையில் படுத்துவிட்டு என்னிடம் வருபவர்களில், இந்த மாதத்தில் இது நாலாவது ஆள். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியிலிருந்து அம்மாவை மகன் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். நாரியில், அதாவது கீழ்முதுகில், தொடங்கிய வலி தொடையால் இறங்கிக் குதிக்கால் வரை போகிறது. மூன்று கிழமையாக மாபிள் தரையில் பாய் விரித்துப் படுக்கிறாராம். மெத்தை சுவரோடு சாத்தியபடி. யார் சொன்னது என்று கேட்டேன். "எல்லாரும்தான் சொல்லினம்."

அந்த எல்லாரையும் ஒருநாள் நேரில் பார்க்க வேண்டும். முள்ளந்தண்டு எலும்புகளுக்கு நடுவிலிருந்து பிதுங்கி நரம்பை அழுத்துகிற 'டிஸ்க்'கை, கடினமான தரை உள்ளே தள்ளிவிடும் என்று நினைக்கிறார்கள். தள்ளாது. பக்கமாகப் படுத்தால் தோளும் இடுப்பும் தரையில் முட்டும், நடுவில் நாரி தாங்கலில்லாமல் தொய்யும். விடிய எழும்பும்போது தரையிலிருந்து குனிந்து நிமிர வேண்டும். வலிக்கிற நரம்புக்கு அதைவிடத் தண்டனை இல்லை. 2003இல் வெளியான ஸ்பெயின் ஆய்வொன்றில், நாட்பட்ட நாரி வலி உள்ள 313 பேரில், கடினமான மெத்தையைவிட நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே கூடுதல் சுகம் தெரிந்தது. அவர்கள் நரம்பு பிடித்தவர்கள் அல்ல, சரி. ஆனால் "கடினம்தான் நல்லது" என்பதற்கு அது போதுமான பதில். அதற்காகக் குழி விழுந்த பழைய மெத்தைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.

வலிக்காத பக்கம் கீழே இருக்கப் படுங்கள், முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை. மல்லாந்துதான் நித்திரை வரும் என்றால் அதை முழங்காலுக்குக் கீழே வையுங்கள். கால் வலி எப்படிப் படுத்தால் குறைகிறதோ, அதுதான் உங்களுக்குச் சரியான படுக்கை. எழும்பும்போது ஒருக்களித்து, கால்களை வெளியே விட்டு, கையை ஊன்றி எழும்புங்கள். கழுத்து நரம்பு என்றால் ஒரே தலையணை, குப்புறப் படுக்கவே வேண்டாம். சிலருக்குக் கையைத் தலைமேல் வைத்தால் வலி விடும். வீட்டார் அதை நடிப்பு என்கிறார்கள். நரம்பின் இழுவை குறைகிறது, அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். சிறுநீர் போகாமல் நின்றாலோ, கதிரையில் படுகிற இடம் விறைத்தாலோ, இரண்டு கால்களும் சோர்ந்தாலோ தலையணையைத் தேடாதீர்கள், என்னிடமும் வராதீர்கள். நள்ளிரவானாலும் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இரண்டு நாள் கழித்து மகன் போன் எடுத்தார். மெத்தை கட்டிலுக்குத் திரும்பிவிட்டது, அம்மா நாலு மணி வரை தூங்கினாராம். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "சுடு எண்ணெய் போட்டு ஒருக்கா இழுத்துவிடுவமோ?" என்றார்.

வேண்டாம், தம்பி.