ஷஃபிள்பாட்டம்: சிரிப்புக்கு மூத்த பெயர்

ஷஃபிள்பாட்டம் என்பது இங்கிலாந்தில் அரிதாக வழங்கும் குடும்பப்பெயர். இன்றைய ஆங்கிலக் காதுக்கு இது 'பின்புறத்தை ஆட்டி நடப்பவர்' என்று கேட்கும். பாவம், அந்த வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் என்ன பாடுபட்டிருப்பார்களோ!

ஆனால் 'பாட்டம்' பிட்டத்தைக் குறிக்கத் தொடங்கியது 18ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். 'ஷஃபிள்' என்ற வினைச்சொல்லும் 16ஆம் நூற்றாண்டுக்கு முந்தியதன்று. பெயரோ வடமேற்கு இங்கிலாந்தின் லங்காஷயர் மாவட்டத்து 13ஆம் நூற்றாண்டு ஆவணத்திலேயே 'ஷிப்பெவாலெபோத்தம்' என்ற வடிவில் இருக்கிறது. அதைப் பிரித்தால் மூன்று பழைய ஆங்கிலச் சொற்கள் கிடைக்கும்: செம்மறி, சுனை, பள்ளத்தாக்கின் அடிநிலம். பெரி நகரை ஒட்டிய ஷிப்பர்பாட்டம் என்ற இடமே இதன் பிறப்பிடம். அங்கிருந்து வந்தவரை அந்த இடத்தின் பெயராலேயே அழைத்தார்கள். ஊர்ப்பெயரை நாம் முன்னால் வைப்போம், அவர்கள் பின்னால் வைத்தார்கள்.

1538 முதல் தேவாலயப் பதிவேடுகள் வந்தன. எழுதியவர் காதில் விழுந்ததே எழுத்தாயிற்று. 'ஷிப்பெவாலெ' பொருள் மறந்து தேய்ந்து, தெரிந்த சொல்லான 'ஷஃபிள்' ஆனது. சிலருக்கு 'ஷூபாட்டம்' என்றே மாறி, ஆட்டுக்குப் பதில் செருப்பு வந்து சேர்ந்தது!

ஸ்மித் என்ற பெயர், கொல்லன் இருந்த ஊரிலெல்லாம் தனித்தனியாக முளைத்தது. இது ஒரே இடத்தில் முளைத்தது, அதனால்தான் அரிது. லங்காஷயரின் தெற்கு, அண்டையிலுள்ள செஷயர், ஸ்டாஃபோர்ட்ஷயர் ஆகியவற்றைச் சுற்றியே பெரும்பாலும் காணப்படுகிறது.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இப்படிப் 'பாட்டம்' ஒட்டிய பெயர்கள் புதிதல்ல. 2008இல் ஹாமில்டன் டெஸ்டில் நியூசிலாந்துக்கு எதிராக ஹாட்ரிக் எடுத்த இங்கிலாந்துப் பந்துவீச்சாளர் ரயன் சைடுபாட்டத்தின் பெயருக்கு 'அகன்ற பள்ளம்' என்பது பொருள். இங்கிலாந்து ஆட்டக்காரர் இயன் போத்தமின் பெயரும் 'பள்ளத்தாக்கின் அடிநிலம்' என்ற அதே பழைய சொல்தான். வேறொன்றும் ஒட்டாத வெறும் 'பள்ளத்தார்'.

தமிழில் எழுதும்போது பெயரை ஒலிபெயர்த்தால் போதும். பொருள் சொல்ல வேண்டிய இடத்தில் 'செம்மறிச்சுனைப் பள்ளம்' பொருந்தும். இடப்பெயரில் வரும் 'பாட்டம்' என்பதை 'அடிப்பகுதி' என்று பெயர்ப்பது பிழை. 'பள்ளம்' அல்லது 'தாழ்நிலம்' என்பதே சரி. அமெரிக்க வெளியுறவுத் துறை இருக்கும் வாஷிங்டனின் ஃபாகி பாட்டமும் அப்படித்தான்: மூடுபனித் தாழ்நிலம்.