பொன்னாடைக்கு பில் உண்டு, மிருதங்கத்துக்கு இல்லை

மட்டக்களப்பில் 'சவுண்ட்ஸ்' கட்டுகிறவன் நான். கோயில் திருவிழா, கலைவிழா, கல்யாண வீடு என்று இருபது வருடமாக மேடைக்குப் பக்கத்தில் மிக்சரோடு குந்தியிருக்கிறேன். ஆருக்கு எவ்வளவு போகிறது, எப்போது போகிறது என்பது அந்த இடத்தில் இருந்தால் நன்றாகத் தெரியும்.

ஒரு விழா. எந்த அலுவலகம் நடத்தியது என்பது இங்கே தேவையில்லை. பாட்டு, வயலின், மிருதங்கம், கடம் என்று நாலு பேரையும் பின்னேரம் நாலு மணிக்கே வரச்சொல்லிவிட்டார்கள். வரவேற்புரை, ஆசியுரை, விசேட உரை எல்லாம் முடிய இரவு 9.40. உயர் நீதிமன்றத்தின் 2007ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பிறகு இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி போடுவது லேசான காரியமில்லை. ஆக மிஞ்சியது இருபது நிமிடம். அதில் சுருதி சேர்க்க ஐந்து போனது. இரண்டு பாட்டுப் பாடினார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், படம் எடுத்தார்கள்.

வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். மிருதங்க அண்ணன் உறைக்குள் மிருதங்கத்தை இறக்கியபடி சொன்னார்: "பஸ் காசு தந்திருக்காங்க தம்பி. மிச்சம் மறுகா பாப்பம் எண்டாங்க."

அந்த 'மறுகா' இன்னும் வரவில்லை. எனக்கோ ஒன்றரை மாதத்தில் காசோலை வந்தது. பந்தல்காரருக்கும் சிற்றுண்டிக் கடைக்கும் வந்தது. பொன்னாடை விற்ற புடவைக்கடைக்குக்கூட வந்திருக்கும், அதற்கும் பில் இருந்ததே.

அந்த அலுவலகத்தில் இருந்தவர்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அரச காசு என்றால் விலைமனு வேண்டும், பதிவு வேண்டும், பில் வேண்டும். நான் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்து வைத்திருக்கிறேன், முத்திரை இருக்கிறது, பில் புத்தகம் இருக்கிறது. மிருதங்கத்துக்கு மூன்று இடத்தில் விலைமனு கேட்பது எப்படி? கணக்குக் கிளார்க்குக்குக் குழப்பம். கடைசியில் 'போக்குவரத்துச் செலவு' என்ற தலைப்பில் சில்லறையைப் போட்டுக் கோவையை மூடிவிடுகிறார். கச்சேரி என்று ஒன்று நடந்ததாகக் கணக்கில் இல்லை.

நகரம் கலைஞருக்கு என்ன செய்யலாம் என்று கேட்டால் எல்லோரும் மண்டபம், சிலை, விருது என்கிறார்கள். எனக்கு முதலில் தோன்றுவது ஒரு பட்டியலும் ஒரு கட்டண விகிதமும்தான். மாநகர சபையிடம் இசைக்காரர் பதிவேடு ஒன்று இருக்கட்டும். சபை நடத்தும் விழாவில் ஒருவருக்கு மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே தீர்மானம் எடுத்துவிட்டால் விலைமனுத் தலையிடி போய்விடும். அமெரிக்காவின் ஒஸ்டின் நகரம் தன் விழாக்களில் வாசிப்பவர்களுக்கு இப்படி ஒரு விகிதம் வகுத்திருக்கிறது. ஹோட்டல் அறைகளில் அறவிடும் வரியில் ஒரு பங்கை உள்ளூர் இசைக்கென்று 2019இல் ஒதுக்கவும் செய்தது. நம்மிடமும் டிக்கெட் காட்சிகளுக்கு உள்ளூராட்சி சபைகள் களியாட்ட வரி அறவிடும் சட்டம் 1946இலிருந்தே இருக்கிறது. இசையிலிருந்து வருகிற அந்தக் காசில் ஒரு பகுதியாவது இசைக்குத் திரும்பிப் போகலாமே.

பதிவேட்டில் ஆரைப் போடுவது என்பதில்தான் சண்டை வரும். கர்நாடக இசைக்காரரோடு நிறுத்தினால் அது மட்டக்களப்புப் பட்டியல் இல்லை. வைகாசிச் சடங்கில் உடுக்கு அடிப்பவர், வடமோடி தென்மோடிக் கூத்துப் பழக்கும் அண்ணாவிமார், பறைமேளம், நாதஸ்வரம், பக்கீர்மாரின் றபான் கொட்டு, பறங்கியர் வீட்டுக் கல்யாண வயலின், பிள்ளைகளின் 'பேண்ட்' எல்லாம் வேண்டும். பறைமேளக்காரரை மேடைக்குக் கீழே நிற்கவைத்து அடிக்கச் சொல்லிவிட்டு 'பாரம்பரியம்' என்று அறிவிப்பாளர் முழங்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மைக்கை அவர்கள் பக்கம் நான் கொண்டுபோனால் முகம் சுளிப்பவர்களும் உண்டு.

பழந்தமிழ் இசையை ஆராய்ந்து 'யாழ் நூல்' எழுதிய விபுலானந்த அடிகள் பிறந்த காரைதீவு பக்கத்தில்தான். அவர் பெயரிலுள்ள அழகியற் கற்கைகள் நிறுவகம் கல்லடியில் இருக்கிறது. அங்கே இசை படித்து வெளிவரும் பிள்ளைகள் ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருக்கிறார்கள். பாடி வாழலாம் என்ற நம்பிக்கையை இந்த ஊர் அவர்களுக்குக் காட்டவில்லை.

இனி என் தொழில் பேச்சு கொஞ்சம். புதிதாகக் கட்டும் மண்டபங்களில் தரைக்கு டைல்ஸ், சுவருக்கு வழுவழுப்பான பூச்சு, மேலே தகரம். வெறும் மண்டபத்தில் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். சத்தம் சுவருக்குச் சுவர் ஓடிக்கொண்டே இருந்தால் அங்கே மிருதங்கத்தின் சொல் ஒன்றும் தெளியாது. நான் சத்தத்தைக் கூட்டக் கூட்ட மைக் கூவும், பழி எனக்கு. பின்சுவரில் கனமான திரைச்சீலை, பக்கச் சுவர்களில் பஞ்சு வைத்த பலகை, தரையில் தும்புப் பாய் போட்டாலே பாதி சரியாகும். மேடைப் பிளக்கில் எர்த் வயர் ஒழுங்காக இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். மைக்கில் உதடு பட்டு ஷொக் அடித்துப் பின்வாங்கிய பாடகர்களை எனக்குத் தெரியும். இது அழகு பார்க்கிற விஷயமில்லை, உயிர் விஷயம்.

மழையையும் மறக்கக்கூடாது. வைகாசி தொடங்கி ஆவணி வரை இங்கே கலைஞருக்கு நித்திரை இல்லை. மாமாங்கக் கோயில் திருவிழா, அம்மன் சடங்கு, தீமிதிப்பு என்று ஓடுவார்கள். ஐப்பசியில் மழை பிடித்தால் தைவரை அடுப்பு எரிவதே பாடு. நகரம் தன் உள்ளரங்கு நிகழ்ச்சிகளை அந்த மாதங்களில் வைத்தால் மேலதிகச் செலவு ஒரு சதமும் இல்லை. உரைகளை ஆறு மணிக்கு முடித்து, இசையை ஆறரைக்குத் தொடங்குவதற்கும் செலவில்லை.

நம் பக்கத்திலும் வேலை இருக்கிறது. குழுவாக வாசிப்பவர்கள் கலாசார உத்தியோகத்தரிடம் கலைமன்றமாகப் பதிந்து, மன்றத்தின் பெயரில் வங்கிக் கணக்குத் திறவுங்கள். பாட்டுப் பதிவுக்கு என்னிடம் வருகிறவர்களிடமும் ஒன்று சொல்வேன்: பாட்டு வரிகள் ஆருடையது, மெட்டு ஆருடையது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வைத்த பிறகு பாடுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அந்த உரிமை எழுதியவர் இறந்து 70 வருடம்வரை நிற்கும். யூடியூப்பில் பாட்டு ஓடிய பிறகு சண்டை பிடித்த நண்பர்கள் இன்றும் பேசிக்கொள்வதில்லை.

மிருதங்க அண்ணன் போன மாதம் பதிந்துவிட்டார். அச்சகத்தில் ஐம்பது தாள் பில் புத்தகம் ஒன்று அடித்துக்கொண்டு நேரே என் கடைக்கு வந்தார். முதல் தாளைத் திறந்து, பேனையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "தம்பி, இந்த 'விபரம்' எண்ட இடத்தில என்னகா எழுதுற?"

"மிருதங்கம் வாசித்தது, இரண்டு மணித்தியாலம்" என்றேன். ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்.