அமில மழை: சொல்லும் பொருளும்

நிலக்கரி, எண்ணெய் ஆகியவற்றை எரிப்பதாலும் தாமிரம், நிக்கல் போன்ற உலோகங்களின் கந்தகத் தாதுக்களை உருக்குவதாலும் வெளிப்படும் வாயுக்கள் காற்றில் அமிலமாக மாறி, மழையோடு நிலத்தில் இறங்குவதை அமில மழை என்கிறோம். பாடநூல்களில் நிலைபெற்றுவிட்ட இத்தொடரின் இரு சொற்களுமே வாசகரைச் சற்றுத் திசை திருப்பக்கூடியவை. அமிலம் என்றதும் உடலைச் சுடும் நீர்மம் நினைவுக்கு வருகிறது. மழை என்றதும், வானம் பொழியாத நாளில் கேடு இல்லை என்று எண்ணத் தோன்றுகிறது.

புளிப்பைக் குறிக்கும் அம்லம் என்ற வடசொல்லே தமிழில் அமிலம் ஆயிற்று. மகர மெய்யை அடுத்து லகரம் வருவது தமிழ் மரபன்று என்பதால் இடையில் இகரம் புகுந்தது. இதற்கு முன்பு பரவலாக வழங்கிய திராவகம் என்பதும் வடசொல்லே; உருக்குவது என்பது அதன் பொருள். செய்தித்தாள்களில் அது இன்றும் குற்றச் செய்திகளில் தலைகாட்டுகிறது. நேர்த் தமிழ்ச் சொல் வேண்டுவோர் காடி என்பதை எடுத்தாண்டு, கந்தகக் காடி என்றும் காடி மழை என்றும் எழுதுகின்றனர். புளித்த கஞ்சியையும் வினிகரையும் குறிக்கும் பழஞ்சொல் அது. ஆங்கிலத்தின் ஆசிட் என்ற சொல்லும் புளிப்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததே. வினிகருக்கான லத்தீன் பெயரும் அதே வேரில் பிறந்தது. ஆகவே காடி மழை என்பது பொருளளவில் மிகப் பொருத்தமான ஆக்கம். ஆயினும் அமிலத்தன்மை, அமினோ அமிலம் என ஒரு சொற்குடும்பமே அமிலத்தை ஒட்டி வளர்ந்துவிட்டதால், பொது எழுத்தில் அமில மழை என்றே எழுதுவதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை.

இத்தொடரின் ஐரோப்பிய வரலாறு பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்குகிறது. பிரான்சில் டுக்ரோ என்பவர் 1845இல் அமில மழை என்ற பெயரிலேயே ஓர் அவதானிப்பை வெளியிட்டார். எனினும் தொடருக்கு அறிவியல் உள்ளடக்கம் தந்தவர் ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து வேதியியலாளர். நெசவாலைப் புகை சூழ்ந்த மான்செஸ்டர் நகரின் மழைநீரை ஆராய்ந்த அவர், ஊருக்கு வெகு வெளியே வயல்வெளிகளில் அம்மோனியம் கார்பனேட்டும், புறநகரில் அம்மோனியம் சல்பேட்டும், நகருக்குள் கந்தக அமிலமும் மழையில் கலந்திருப்பதை 1852இல் எடுத்துரைத்தார். தம் முடிவுகளை 1872இல் பெருநூலாக விரித்தபோது இத்தொடரையும் ஆண்டார். அதன்பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் அச்சொல் உறங்கிக் கிடந்தது. ஸ்வீடனின் மண்ணியல் அறிஞர் ஸ்வாந்தே ஓடென், பிற நாடுகளின் புகை தம் நாட்டு ஏரிகளைக் கெடுக்கிறது என்று 1967இல் நாளிதழ் ஒன்றில் எழுதிய பிறகே அது பொதுமக்கள் சொல்லாயிற்று.

மாசற்ற மழையும் சிறிது புளிப்புடையதே. காற்றிலுள்ள கரியமில வாயு கரைவதால், அமிலத்தன்மையைக் காட்டும் அதன் பி.எச். அளவு ஏறத்தாழ 5.6 ஆக இருக்கும். (இந்த வாயுவின் தமிழ்ப் பெயரிலேயே அமிலம் ஒளிந்திருப்பதைக் கவனிக்கலாம்.) கந்தக டை ஆக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் காற்றில் ஆக்சிஜனேற்றம் பெற்றுக் கந்தக அமிலமாகவும் நைட்ரிக் அமிலமாகவும் மாறும்போது அந்த அளவு 5.6க்கும் கீழே இறங்குகிறது. எண் ஒன்று குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது என்பதால், பி.எச். 4.6 உடைய மழை இயல்பான மழையைக் காட்டிலும் பத்து மடங்கு அமிலம் கொண்டது. அப்போதும் அது எலுமிச்சைச் சாற்றைவிட மிகமிக மென்மையானது. நனைந்தவரின் தோலை அது சுடுவதில்லை.

கேடு விளைவது மண்ணின் வழியாக. அமிலநீர் மண்ணில் இறங்குகையில், மரங்களுக்கு உணவாகும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் அரித்துச் சென்றுவிடுகிறது. களிமண் கனிமங்களில் கட்டுண்டு கிடந்த அலுமினியத்தை விடுவித்து ஓடைக்கு அனுப்புகிறது. அலுமினியம் மீன்களின் செவுள்களில் படிந்து மூச்சையும் உடலின் உப்புச் சமநிலையையும் குலைப்பதால்தான் நார்வேயின் தென்பகுதி ஏரிகள் பல மீனற்றுப் போயின. குளிர்காலம் முழுதும் பனியில் சேர்ந்த அமிலம் வசந்தத்தில் ஒரே வீச்சில் உருகி ஓடும் நாட்களே அங்கு மிகக் கொடியவை. சுண்ணாம்புப் பாறை மிகுந்த நிலம் அமிலத்தை நடுநிலையாக்கிவிடும். கருங்கல் மேல் மெல்லிய மண் போர்த்திய ஸ்காண்டினேவிய நிலத்துக்கு அந்த வலு இல்லை. வட இந்தியாவில் காற்றில் மிதக்கும் சுண்ணச்சத்துள்ள புழுதி மழையின் அமிலத்தை ஓரளவு தணிக்கிறது.

இந்த அமிலம் பனியாகவும் மூடுபனியாகவும் இறங்குகிறது. ஈரமே இல்லாமல் வாயுவாகவும் துகளாகவும் இலையிலும் கல்லிலும் படிகிறது. கந்தக டை ஆக்சைடு சலவைக் கல்லின் கால்சியம் கார்பனேட்டை ஜிப்சமாக மாற்றுவதற்குச் சிறிது ஈரப்பதமே போதும். தாஜ்மகாலைச் சுற்றியிருந்த 292 தொழிற்சாலைகள் நிலக்கரியை விட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும் அல்லது இடம்பெயர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் ஆணையிட்டதன் பின்னணியிலும், அதன் சலவைக் கல் இவ்வாறு சிதையும் என்ற அச்சம் இருந்தது. ஆகையால் துல்லியம் வேண்டும் இடங்களில் அமிலப் படிவு என்பதே சரியான சொல். ஈரப் படிவு, உலர் படிவு என்ற இரண்டும் அதற்குள் அடங்கும். அமில மழை என்பது ஈரப் படிவின் ஒரு பகுதிக்கு மட்டுமே உரிய பெயர்.

உயரமான புகைபோக்கி கட்டினால் உள்ளூர்க் காற்று தூய்மையாகும் என்ற நம்பிக்கையில், கனடாவின் சட்பரி நிக்கல் ஆலையில் 1972இல் 381 மீட்டர் உயரத்துக்கு ஒன்றை எழுப்பினர். ஊர் பிழைத்தது, அமிலம் தொலைவுக்குச் சென்றது. காற்றுக்கு எல்லை இல்லாததால் 1979இல் ஜெனீவாவில் நாடுகள் கூடி உடன்படிக்கை செய்ய நேர்ந்தது. அமெரிக்கா 1990இல் தன் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தி, மின்நிலையங்கள் வெளியிடும் கந்தக டை ஆக்சைடுக்கு உச்சவரம்பு விதித்தது. மழையின் அமிலத்தன்மை குறைந்தது. மண் அவ்வளவு விரைவில் மீளவில்லை. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஹப்பர்டு புரூக் காட்டில், இழந்த கால்சியத்தை ஈடுசெய்ய 1999இல் ஹெலிகாப்டரிலிருந்து கால்சியம் சிலிக்கேட் தாதுவைத் தூவினர். அந்த நீர்ப்பிடிப்புப் பகுதியின் மரங்கள் அதன்பின் தெளிவாகத் தழைத்தன.