தங்கும் வரிக்கு வரைவு வெளிவந்தால் வீட்டுக்காரர்கள் என்ன எழுதவேண்டும்?

ஜோகூர் பாருவிலோ பினாங்கிலோ வீடு வாங்கி, விடுமுறைக்கு வருவோருக்கு நாள் வாடகைக்கு விடும் சிங்கப்பூர்க் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அங்கே விருந்தினர் தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் விதிக்கும் தங்கும் வரி கூடப்போகிறது, புதுக் கட்டணம் வரப்போகிறது என்று பேச்சு எழுந்தால் வாட்ஸ்அப் குழுக்கள் ஒரு வாரம் கொதிக்கும், பிறகு அடங்கிவிடும். அதற்குள் வரைவு விதியைப் பற்றிக் கருத்துச் சொல்வதற்கான கடைசித் தேதியும் போய்விடும். குழுவில் கொட்டிய ஆதங்கத்தில் ஒரு வரிகூட, விதியை எழுதுபவரின் மேசையைச் சென்றடைவதில்லை.

சொன்னால் நடக்குமா என்று கேட்பவர்கள் மலேசியாவின் சுற்றுலா வரியையே பார்க்கலாம். 2017ல் முதலில் வந்த திட்டப்படி, தங்குமிடத்தின் தரத்தைப் பொறுத்து ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 2.50 ரிங்கிட் முதல் 20 ரிங்கிட் வரை வசூலிக்கவிருந்தார்கள். உள்நாட்டவரும் கட்டவேண்டும் என்றிருந்தது. பல தரப்பிலிருந்தும் ஆட்சேபம் எழுந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தபோது, வெளிநாட்டவருக்கு மட்டும், தரம் பாராமல் 10 ரிங்கிட் என்றாகிவிட்டது. வரி வராமல் போகவில்லை. ஆனால் யார் கட்டுவது, எவ்வளவு கட்டுவது என்ற இரண்டும் மாறின. ஆகவே "வரியே வேண்டாம்" என்று பொங்கும் கடிதத்தைவிட "இந்தப் பிரிவில் இந்தச் சொல்லை இப்படி மாற்றுங்கள்" என்று கேட்கும் கடிதத்துக்கே பலன் அதிகம்.

எழுதுமுன் உங்கள் வீட்டின் நிலையைச் சரிபாருங்கள். சிங்கப்பூரில் தனியார் வீட்டை 3 மாதத்துக்குக் குறைவாகவும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை 6 மாதத்துக்குக் குறைவாகவும் வாடகைக்கு விட அனுமதியில்லை. தனியார் வீட்டில் இதை மீறினால் 200,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். நகர மறுசீரமைப்பு ஆணையம் 2018ல் இதைத் தளர்த்துவது பற்றிப் பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. ஆண்டுக்கு 90 நாள் வரம்பு, கூட்டுரிமை வீடுகளில் 80 விழுக்காட்டு உரிமையாளர்களின் சம்மதம் போன்றவை அப்போது முன்வைக்கப்பட்டன. 2019 மே மாதம் பழைய விதியே தொடரும் என்று முடிவானது. ஆக, இங்குள்ள வீட்டில் ஓரிரு நாள் தங்கியவர்களின் கணக்கைக் கடிதத்தில் சேர்த்தால் அது உங்களுக்கு எதிராகவே திரும்பும்.

எல்லைக்கு அப்பாலும் இதே கவனம் வேண்டும். அடுக்குமாடிக் கட்டடத்தின் நிர்வாகம் குறுகிய கால வாடகையைத் தடைசெய்து விதி போட்டால் அது செல்லும் என்று மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் 2020ல் தீர்ப்பளித்துவிட்டது. உங்கள் கட்டடத்தில் அப்படியொரு விதி இருக்கிறதா என்று பார்க்காமல் மனு எழுத உட்காராதீர்கள்.

அடுத்து, வரியை விதிப்பது யார் என்பதில் பலரும் தடுமாறுகிறார்கள். சுற்றுலா வரி கூட்டரசுச் சட்டம். வசூலிப்பது சுங்கத் துறை. பினாங்கில் 2014 முதல் நடப்பில் உள்ள 2 ரிங்கிட், 3 ரிங்கிட் ஹோட்டல் கட்டணம் உள்ளூர் அளவிலானது. மாநகர மன்றக் கட்டணத்தைப் பற்றிக் கூட்டரசு அமைச்சுக்கு எழுதினால் கடிதம் சுற்றிக்கொண்டே இருக்கும். மலாயில் எழுதுங்கள், அல்லது ஆங்கிலத்தோடு மலாய்ப் பிரதியும் வையுங்கள். அங்கே நமக்கு வாக்கு இல்லை. ஆனால் மன்றத்துக்கு மதிப்பீட்டு வரி கட்டுகிறோம். அந்தக் கணக்கு எண்ணைக் கடிதத்தின் தலைப்பிலேயே போடுங்கள். எழுதுபவர் அந்த ஊரில் வரி செலுத்தும் உரிமையாளர் என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

இனி கணக்கு. கடிதத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் என்ற நிலையான வரி, 600 ரிங்கிட் ஹோட்டல் அறையில் 1.7 விழுக்காடுதான். 180 ரிங்கிட் வீட்டில் அது 5.6 விழுக்காடு. சுமை மலிவான இடத்தின் தலையில்தான் விழுகிறது. வரி விழுக்காட்டில் வந்தால் கேள்வி வேறு: எந்தத் தொகையின்மீது? 2 இரவு வாடகை 480 ரிங்கிட், துப்புரவுக் கட்டணம் 80 ரிங்கிட் என்று வையுங்கள். 5 விழுக்காட்டு வரி வாடகைக்கு மட்டும் என்றால் 24 ரிங்கிட், மொத்தத்துக்கும் என்றால் 28 ரிங்கிட். "கட்டணம்" என்ற சொல்லை வரைவு எப்படி விளக்குகிறது என்பதை முதலில் தேடிப் பாருங்கள்.

"அறை" என்ற சொல்லும் அப்படித்தான். மாதிரிக்கு ஒரு பத்தி, எண்கள் கற்பனை:

"எங்கள் வீட்டில் 3 படுக்கையறைகள், முழு வீடாக மட்டுமே விடுகிறோம். கடந்த 12 மாதத்தில் 118 இரவுகள் ஆள் இருந்தார்கள். அதில் 74 இரவுகள் வெளிநாட்டவர். சராசரி வாடகை ஓர் இரவுக்கு 240 ரிங்கிட். ஒவ்வொரு படுக்கையறைக்கும் 10 ரிங்கிட் என்றால் ஓர் இரவுக்கு 30 ரிங்கிட், வாடகையில் 12.5 விழுக்காடு. முழு வீட்டுக்கும் 10 ரிங்கிட் என்றால் சுமார் 4 விழுக்காடு. முழுதாக வாடகைக்கு விடப்படும் வீட்டை ஓர் அறையாகக் கொள்ளவேண்டும் என்று பொருள்விளக்கப் பிரிவில் சேர்க்கக் கோருகிறோம்."

அவ்வளவுதான். கோபம் இல்லை, வாழ்வாதாரம் பற்றிய நீண்ட முன்னுரை இல்லை. படிக்கும் அதிகாரி அப்படியே குறிப்பில் எடுத்து எழுதக்கூடிய பத்தி இது. முன்பதிவுப் பட்டியலை இணைப்பாக வைத்தால் விருந்தினர் பெயர், கடப்பிதழ் எண் எல்லாவற்றையும் மறைத்துவிடுங்கள். அடுத்தவர் விவரத்தை அனுப்ப நமக்கு உரிமையில்லை.

யார் வசூலிப்பது என்பதையும் விடாமல் கேளுங்கள். 2023 ஜனவரி 1 முதல் மலேசியாவில் இணையத் தளம்வழி வரும் முன்பதிவுக்குச் சுற்றுலா வரியை அந்தத் தளமே வசூலிக்கவேண்டும். புதுக் கட்டணத்தில் அப்படியொரு ஏற்பாடு எழுதப்படாவிட்டால், தளமும் வசூலித்து உரிமையாளரும் வசூலிக்கும் நிலை வரலாம். தளம் செலுத்திய இரவுகளுக்கு உரிமையாளர் பொறுப்பில்லை என்று தெளிவாக ஒரு வாக்கியம் கேளுங்கள். ஒரே வீடு வைத்திருப்பவர் ஆண்டுக்கு ஒருமுறை கணக்குக் கொடுத்தால் போதும் என்றும் கேட்கலாம். சில நூறு ரிங்கிட்டுக்காக அடிக்கடி படிவம் நிரப்புவதில் யாருக்கும் இலாபமில்லை.

பலரும் மறப்பது தொடக்கத் தேதியை. டிசம்பர் பள்ளி விடுமுறைக்கும் சீனப் புத்தாண்டுக்கும் நம் ஆட்கள் பல மாதம் முன்பே பணம் கட்டிவிடுகிறார்கள். இடையில் வரி வந்தால், பெட்டியோடு கடற்பாலம் தாண்டி வந்த குடும்பத்திடம் வாசலில் நின்று மேலும் பணம் கேட்கவேண்டியிருக்கும். கெட்ட பெயர் வீட்டுக்காரருக்கு. "நடப்புத் தேதிக்கு முன் முழுத் தொகையும் செலுத்தப்பட்ட முன்பதிவுகளுக்கு இது பொருந்தாது" என்ற வாக்கியத்தைக் கடிதத்தின் கடைசிக் கோரிக்கையாக வையுங்கள். அனுப்பியதும் கிடைக்கும் ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். இறுதி விதி அரசிதழில் வந்த அன்று, உங்கள் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துப் பிரிவு பிரிவாக ஒப்பிட்டுப் பாருங்கள்.