பண்டிகைப் படங்களின் விருந்தும் அதற்கேற்ற ஒயினும்

டிசம்பர் பிறந்துவிட்டால், உணவகத்தில் ஒயின் பரிந்துரைக்கும் பணியில் இருப்பவர்களிடம் ஒரு கேள்வி தவறாமல் வந்து சேரும்: கிறிஸ்மஸ் படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டே அதில் வரும் உணவை உண்ணப்போகிறோம், அதற்கு எந்த ஒயின் பொருந்தும்? கேட்பவர்களில் பலர், விலை கூடிய, அழுத்தமான சிவப்பு ஒயின்தான் வேண்டும் என்று முன்பே முடிவு செய்துகொண்டு வருகிறார்கள். இறைச்சியின் பெயரையோ பாட்டிலின் விலையையோ பார்க்காமல், தட்டில் உப்பு, கொழுப்பு, இனிப்பு, வறட்சி ஆகியவற்றுள் எது மேலோங்கி நிற்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள் என்பதே நான் அவர்களுக்குச் சொல்வது.

1989இல் வெளிவந்த 'நேஷனல் லாம்பூன்ஸ் கிறிஸ்மஸ் வெக்கேஷன்' படத்தில், வெளியே பொன்னிறமாகப் பளபளக்கும் வான்கோழி கத்தி பட்டதும் பிளந்து, ஆவியைக் கக்கிவிட்டு, உள்ளே ஒன்றுமில்லாமல் உலர்ந்து கிடக்கும். குடும்பமே அதை மென்று விழுங்கத் திணறும். மிகைப்படுத்திய நகைச்சுவைதான். ஆனால் வான்கோழியின் நெஞ்சுக்கறியில் கொழுப்பு மிகக் குறைவு. பாதுகாப்பாக உண்பதற்குத் தேவையான 74 டிகிரி செல்சியஸை எட்டிய பின்னும் அதை அடுப்பிலேயே விட்டுவைத்தால், சாறெல்லாம் வெளியேறி எந்த வீட்டுக் கறியும் அந்தக் கதிக்குத்தான் வரும். அத்தகைய கறிக்குக் கேபர்னே சோவின்யோன் போன்ற துவர்ப்பு மிகுந்த ஒயினை ஊற்றினால், அதில் துவர்ப்பைத் தரும் டானின் என்ற பொருள் உமிழ்நீரின் புரதங்களோடு பிணைந்து வாயின் வழுவழுப்பைப் போக்கிவிடுவதால், உலர்ந்த கறி மேலும் உலர்ந்ததாகவே தோன்றும். மாறாக, கமே திராட்சையில் செய்த லேசான பிரெஞ்சுச் சிவப்பு ஒயினான போஜோலேயைச் சற்றுக் குளிரவைத்து, ஏறத்தாழ 13 டிகிரியில் பரிமாறினால், அதன் புளிப்பு வாயில் நீரூறச் செய்து, கறியில் இல்லாத ஈரத்தை ஓரளவு ஈடுகட்டும். தட்டில் கிரான்பெரி சாஸும் இருந்தால், லேசான இனிப்புள்ள ஜெர்மானிய வெள்ளை ஒயினான ரீஸ்லிங் இன்னும் நன்றாகப் பொருந்தும். சமைத்தவரின் மானத்தைக் காப்பாற்றுவதில் ரீஸ்லிங்குக்கு ஈடான ஒயினை நான் பார்த்ததில்லை.

'எ கிறிஸ்மஸ் ஸ்டோரி' (1983) படத்தில் பக்கத்து வீட்டு நாய்கள் வான்கோழியைத் தின்று தீர்த்துவிட, குடும்பம் சீன உணவகம் ஒன்றுக்குப் போகிறது. தலையோடு வந்திறங்கும் வாத்தைக் கண்டு அனைவரும் திகைக்க, மேசையிலேயே அந்தத் தலை வெட்டப்படுகிறது. வாத்தில் சிக்கல் வறட்சி அல்ல, தோலுக்கடியில் உள்ள கொழுப்பு. புளிப்பு கூடுதலாகவும் துவர்ப்பு குறைவாகவும் உள்ள சிவப்பு ஒயினான பினோ நுவார் அந்தத் திகட்டலைப் போக்கும் என்பதால்தான் வாத்துக்கு அதைச் சொல்வது வழக்கம். ஆனால் இனிப்பான சாஸைத் தாராளமாகத் தடவி உண்பவர்களுக்கு அதே பினோ நுவார் புளித்த தண்ணீர்போல ஆகிவிடும். உணவு இனிப்பாக இருந்தால் ஒயினிலும் இனிப்பு வேண்டும் என்பதால், அவர்களுக்குப் பிரான்சின் அல்சாஸ் பகுதியில் செய்யப்படும், லேசான இனிப்புள்ள வெள்ளை ஒயினான கெவூர்ட்ஸ்ட்ராமினரே ஏற்றது. ஆகவே வாத்து என்று மட்டும் சொன்னால் நான் பதில் சொல்வதில்லை, சாஸ் எது என்று கேட்ட பிறகே சொல்வேன்.

இனிப்பைப் பற்றிய இந்த விதியின் எல்லையை 'எல்ஃப்' (2003) காட்டுகிறது. ஸ்பகெட்டியின்மேல் மேப்பிள் சிரப்பை ஊற்றி உண்ணும் அந்த நாயகனுக்கு இனிப்பான இத்தாலிய ஒயினான மொஸ்காட்டோ டாஸ்டியைத் தவிர வேறு எதையும் பரிந்துரைக்க முடியாது. அதிலும் ஆல்கஹால் ஏறத்தாழ 5 சதவீதமே என்பது ஆறுதல்.

ஒயினைப் பெயர் சொல்லியே காட்டிய படம் என்றால், 1987இல் வந்த டென்மார்க் நாட்டுப் படமான 'பாபெட்ஸ் ஃபீஸ்ட்'. கண்டிப்பாகப் பார்த்தால் அது பண்டிகைப் படம் அல்ல, ஆனாலும் குளிர்கால விருந்து என்றதும் எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான். ஆமை சூப்புக்கு அமோன்டிலாடோ என்ற ஸ்பானிய ஷெரி ஒயின், கேவியார் எனும் மீன் முட்டை வைத்த பிளினி என்ற சிறு ரஷ்ய அப்பத்துக்கு 1860ஆம் ஆண்டு வோவ் கிளிக்கோ ஷாம்பெயின், காடைக்கு 1845ஆம் ஆண்டு க்ளோ டு வூஜோ என்ற பிரெஞ்சு ஒயின் என அங்கே பரிமாறப்படுகின்றன. சூப் தானே திரவமாக இருப்பதால் மெல்லிய ஒயின் அதன் முன் நிற்காது. கொட்டைப் பருப்பின் மணமும் 16 சதவீதத்துக்குக் குறையாத ஆல்கஹால் வலுவும் உள்ள அமோன்டிலாடோ நிற்கும். கேவியாரின் உப்புக்கு ஷாம்பெயினின் புளிப்பும் குமிழியும் ஈடுகொடுக்கும். க்ளோ டு வூஜோ சிவப்பு ஒயின் பினோ நுவாரில் செய்யப்படுவது. வாத்துக்குச் சொன்ன காரணமே கொழுத்த ஈரலை உள்ளே வைத்த காடைக்கும் பொருந்தும்.

இத்தனை ஒயின்களையும் ஒரே மாலையில் குடித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் அளவை முதலில் கணக்கிட வேண்டும். 13 சதவீத ஆல்கஹாலுள்ள 750 மில்லிலிட்டர் பாட்டில் ஒன்றில் ஏறத்தாழ 77 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. முற்றிலும் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என 2023இல் உலக சுகாதார நிறுவனம் தெளிவாகவே அறிவித்தது. குடிப்பதென்று முடிவு செய்தவர்களுக்கு ஒவ்வோர் உணவோடும் 75 மில்லிலிட்டருக்கு மேல் நான் ஊற்றுவதில்லை. அப்படியும் ஐந்து உணவுகளில் அரை பாட்டில் தீர்ந்துவிடும் என்பதால், வாகனம் ஓட்ட வேண்டியவர், கர்ப்பிணி, மருந்து உட்கொள்பவர் ஆகியோரின் கண்ணாடிக் கோப்பைகளை முன்கூட்டியே தனியாக வைக்கச் சொல்கிறேன்.

'ஹோம் அலோன்' (1990) படத்தின் மக்ரோனி சீஸுக்கு எந்த ஒயின் என்றும் கேட்கிறார்கள். மெழுகுவர்த்தி ஏற்றிய மேசைமுன் அமர்ந்திருப்பது எட்டு வயதுச் சிறுவன். அந்தத் தட்டுக்கு நான் ஒயினே சொல்வதில்லை. ஆல்கஹால் நீக்கிய ஒயின் என்று விற்கப்படுவதிலும் 0.5 சதவீதம் வரை இருக்கக்கூடும் என்பதால் பிள்ளைகளுக்கு அதுவும் வேண்டாம். சீஸின் கொழுப்புக்குத் தேவை புளிப்பும் குமிழியும்தான். வெள்ளைத் திராட்சைச் சாற்றில் எலுமிச்சை பிழிந்து, அதே அளவு சோடா கலந்து, நன்றாகக் குளிரவைத்துக் கொடுத்தால் போதும்.